மச்சம் இல்லாத முகம்

என் தங்கைக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. மச்சம் என்றதும் கடுகு மாதிரி, அழகுக்கு வைத்த புள்ளி மாதிரி எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரை இறங்கும், காப்பி கொட்டின நிறத்தில். நான் சலவைக்கடையில் வேலை பார்ப்பவள். விடிந்தால் அடைந்தால் கறையோடுதான் மல்லுக்கட்டுகிறேன். அதனால் சொல்கிறேன், அது கறை இல்லை. அது அவள் முகம். இந்தச் சின்ன விஷயம் எத்தனை பேருக்குப் புரியவில்லை என்று நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அவளுக்கு எப்போதும் பாதி முகம்தான். யார் படம் எடுத்தாலும் அம்மா, "முகத்தை அந்தப் பக்கம் திருப்புடி" என்பாள். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் ஒரு நெட்டைக்காரியின் தோளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். அவளோ எதற்கும் அசரவில்லை. வாயாடி. யார் மாதிரி வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள், அம்மா திட்டுவதை அம்மா எதிரிலேயே நடித்துக் காட்டி அம்மாவையே சிரிக்க வைப்பாள். எந்தக் குழந்தை அழுதாலும் இவள் தூக்கினால் போதும், அடங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளையை இவள் கையில் திணித்துவிட்டு நிம்மதியாகக் குளிக்கப் போவார்கள். அதனால் அவளுக்கு என்ன வேலை பொருந்தும் என்று யாரும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை. வேலைக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளைப் பகலில் விட்டுப் போகிற டே கேர் ஒன்றில் சேர்ந்தாள்.

அந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் கேட்டார்கள். இருவரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, ஒரு நீலத் திரை, ஒரு முக்காலி. படம் எடுத்தவர் ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிறவராக இருந்தார். மற்றவர்கள் மாதிரி மச்சத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை, நன்றாகப் பார்த்தார். எனக்கு அதுவே பிடித்துப்போனது. மறுநாள் படத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், கன்னம் பளிங்கு மாதிரி இருக்கிறது. மூக்கு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, கண் கொஞ்சம் பெரிசாகியிருக்கிறது. அவள் நடுத்தெருவில் நின்று அதையே பார்த்தாள்.

"அக்கா, இது யாருக்கா? என்னைவிட நல்லா இருக்காளே."

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் 'யோசிச்சுச் சொல்றோம்' என்று போனவர்கள். அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டுடியோக்காரர் மட்டும்தான் தானாக வந்து கேட்டார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. 'உனக்கு உடம்பெல்லாம் மச்சம்டி' என்று அவளைக் கிண்டல் செய்தேன், அவளும் வெட்கப்பட்டாள். மாப்பிள்ளையைக் குறை சொல்ல முடியாது என்றுதான் பல வருஷம் நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, அவளுக்குக் காய்ச்சல் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார்.

ஆனால் படம் எடுத்தால் மட்டும் மச்சம் போய்விடும். கல்யாணப் படத்தில் இல்லை. சுற்றுலாப் படத்தில் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்திலும் இல்லை. அட்டைக்கான படத்தையாவது அப்படியே விடக் கூடாதா? விரல் பழகிவிட்டது அவருக்கு. கல்யாணப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் அதைக் காட்டி, "இந்த மாதிரி பண்ணிக் குடுங்க" என்பார்கள். போதாததற்கு ஸ்டுடியோ பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் வைத்து, அதிலும் அவள் படங்களையே வரிசையாகப் போட்டிருந்தார். நேர்முகம், பக்கவாட்டு முகம், சிரித்த முகம், நல்ல வெளிச்சம், நல்ல தெளிவு. திருடுகிறவனுக்குத் தட்டில் வைத்து நீட்டின மாதிரி.

ஒருமுறை என் எதிரிலேயே அவள் கேட்டாள். "ஒரே ஒரு படமாவது என்னை மாதிரி எடுத்துக் குடுங்களேன்."

"அதான் தினமும் நேர்ல பாக்குறேனே. படத்துல வேற எதுக்கு?" என்றார் அவர்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டே கேரில் கதையே வேறு. அங்கே இருக்கும் வாண்டுகளுக்கு அந்த மச்சம் ஒரு விளையாட்டுச் சாமான். மத்தியானம் தூங்க வைக்கும்போது ஒரு பொடிசு அதன் மேல் விரலை வைத்துக்கொண்டால்தான் கண்ணை மூடும். விரலை எடுத்தால் எழுந்துவிடும். இவள் கழுத்து வலிக்க வலிக்கக் குனிந்தே இருப்பாள். மிஸ்ஸைப் படம் வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒரு வட்டம் போட்டு, அதில் பழுப்பு கிரேயானால் ஒரு கிறுக்கு கிறுக்கும். கண்ணும் மூக்கும் மறந்தாலும் அது மறக்காது. அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். அவளுக்கு அந்த வேலைதான் உயிர். அது போகப் பார்த்தது.

ஒரு சாயந்திரம் பிள்ளையைக் கூட்டிப் போக வந்த அம்மா ஒருத்தி, இவள் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு, முகம் கொடுக்காமல் போனாள். மறுநாள் இன்னும் சிலர். என்ன ஏது என்று புரியாமல் இவள் முழித்துக்கொண்டிருக்கும்போது, டே கேரை நடத்துகிற மேடம் அறைக்குள் கூப்பிட்டுப் போனை நீட்டினார்.

அதில் சமூக வலைத்தளக் கணக்கு ஒன்று. இவள் பெயர். இவள் வேலை. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதே கல்யாணப் படம், பக்கத்திலிருந்த மாப்பிள்ளையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு. 'தனிமையில் வாடும் மனசு' என்று ஒரு வரி. டே கேரின் இணையப் பக்கத்தைப் பார்க்கும் பெற்றோர் யார் யார் என்று பார்த்து, அப்பாக்களாகத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்பியிருக்கிறது அந்த நாய். 'உங்க பிள்ளை மாதிரியே நீங்களும் ரொம்ப ஸ்வீட்.' இன்னொரு பக்கம் அம்மாக்களைப் பற்றிப் பொதுவில் எழுதியிருக்கிறது. மேக்கப் போட நேரமிருக்கும், பெற்றதைப் பார்க்க நேரமிருக்காது, பிள்ளையைக் குப்பை மாதிரி என்னிடம் கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்று.

எழுதினவன் யார், எழுதினவள் யார், எந்தச் சந்தில் உட்கார்ந்து எழுதியது, இன்றுவரை தெரியாது. தெரிந்தால் என் இஸ்திரிப் பெட்டிக்கு வேலை இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிட அருவருப்பாக இருந்தது வேறொன்று. அந்த அப்பாக்கள் பதில் எழுதியிருந்தார்கள்.

ஒரு மனைவி சந்தேகப்பட்டுக் கணவனின் போனைப் பிடுங்கிப் பார்த்ததில்தான் எல்லாமே வெளியே வந்தது. மேடம் காட்டினதை நானும் பிறகு படித்தேன். படித்த கண்ணைக் கழுவ வேண்டும் போலிருந்தது. தினமும் வாசலில் நின்று, இவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு போகிற ஒருத்தன், 'நீங்க இவ்வளவு அழகுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே' என்று வழிந்திருக்கிறான். கழுத்துப்பட்டை கட்டி, வாசனை பூசிக்கொண்டு வருகிற ஆள். அவன் சட்டை எங்கள் கடைக்குத்தான் வரும். அன்றிலிருந்து அதைக் கையால் தொடவில்லை, குச்சியால் தூக்கி இயந்திரத்தில் போடுகிறேன்.

"அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம்," என்றார் மேடம். "அதுக்குள்ள இது போயிருக்கணும். இல்லேன்னா உன்னை வச்சுக்க என்னால முடியாதும்மா. அதுவரைக்கும் வர வேண்டாம்."

"அது நான் இல்ல மேடம்."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே."

மேடத்துக்குத் தெரிகிறதாம். தெரிந்தவர் அதை வாய் திறந்து அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஸ்டுடியோவின் பின்னறையில் மூவரும் உட்கார்ந்து அந்த வலைத்தளத்துக்குப் புகார் அனுப்பினோம். போன் அவளைக் கண் சிமிட்டச் சொன்னது, இடப்பக்கம் திரும்பச் சொன்னது, வலப்பக்கம் திரும்பச் சொன்னது. அம்மா இல்லாத குறையை அது தீர்த்து வைத்தது. அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னது. அனுப்பினோம். மத்தியானமே பதில் வந்துவிட்டது. முகம் பொருந்தவில்லை. அட்டையில் இருப்பவர் நீங்கள் அல்ல. மறுபடி அனுப்பினோம், பவுடர் போட்டு அனுப்பினோம், விளக்கைத் திருப்பி வைத்து அனுப்பினோம். அதே பதில். அவர்கள் பக்கம் பார்த்தால் நியாயம்தானே? அட்டையில் பளிங்குக் கன்னம், பொய்க் கணக்கிலும் அதே பளிங்குக் கன்னம், நடுவில் மச்சத்தோடு வந்து நான்தான் அது என்கிறாள் ஒருத்தி. கடைசியில், மாப்பிள்ளை எப்போதோ அவளுக்குத் திறந்து கொடுத்து அவள் அதிகம் எட்டிப் பார்க்காத சொந்தக் கணக்கையும் மூடிவிட்டார்கள், வேறொருவர் போல நடித்த குற்றத்துக்காக.

"என்னை மாதிரி நான் நடிக்கிறேனாம்," என்றாள். வாயாடிதான், ஆனால் குரல் உடைந்துவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இணையக் குற்றங்களைப் பார்க்கிற அதிகாரி அட்டையை வாங்கி, அவளைப் பார்த்து, மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இது யாரு கார்டும்மா?"

"என்னோடது சார்."

"அடுத்தவங்க கார்டைக் கொண்டுவந்து காட்டுறது தப்புன்னு தெரியுமில்ல?"

"சார், போட்டோவுல டச்சப் பண்ணியிருக்காங்க," என்றேன் நான்.

"யாரு பண்ணது?"

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். "நான்தான் சார். அவளுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு."

அதிகாரி என் தங்கையிடம், "முதல்ல கார்டை மாத்திட்டு வாங்கம்மா. கார்டுபடி பாத்தா அந்தக் கணக்குதான் நீங்க," என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கண்ணும் மச்சத்தைவிட்டு நகர்ந்து சுவருக்குப் போனது.

அட்டை மாற்றுகிற அலுவலகத்தில், எதற்காகப் படத்தை மாற்றுகிறீர்கள் என்று கேட்டாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள். "விபத்து ஏதாவதா?"

"இல்லைங்க. இதுதான் என் முகம்."

"அதுக்கு இதுல இடம் இல்லையே," என்று கணினித் திரையைக் காட்டினாள் அவள். கடைசியில் 'பிற காரணங்கள்' என்பதை அழுத்தினாள். அங்கேயே படம் எடுத்தார்கள். யாரும் எதையும் அழிக்கவில்லை. ஆனால் புது அட்டை கைக்கு வர நாளாகும் என்றார்கள். கூட்டமோ அதற்கு முன்பே.

அந்த இடைப்பட்ட நாட்களில் ஒரு மத்தியானம் ஸ்டுடியோவுக்குப் போனேன். மாப்பிள்ளை கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை. திரையில் அந்தப் பொய்க் கணக்கு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஊர் பேர் தெரியாத ஆண்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தார். தேவதை, பேரழகி, கண்ணே கொள்ளவில்லை. அவர் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. என்ன சிரிப்பென்று எனக்குத் தெரியும். நான் வெளுத்த சட்டையை யாராவது புதுச் சட்டை என்று சொன்னால் என் முகத்திலும் அது வரும்.

"மாப்பிள்ளை."

பதறித் திரும்பினார். "புகாருக்குத்தான்க்கா, ஆதாரம் எடுத்து வைக்கலாம்னு..."

"கைதட்டு வாங்குற மாதிரி இருந்துச்சு."

திருடினவன்மேல் வந்ததைவிட எனக்கு அந்தச் சிரிப்பின்மேல் கூடுதலாக ஆத்திரம் வந்தது. அவள் வீட்டில் சோறு இறங்காமல் கிடக்கிறாள், இவர் இங்கே லைக் எண்ணிக்கொண்டிருக்கிறார். தூ என்று துப்பியிருப்பேன். தங்கை புருஷனாயிற்றே என்று விழுங்கிக்கொண்டு வந்தேன்.

கூட்டத்துக்கு அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை. கூடப் போனேன். பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். சுவர் முழுக்க அந்தப் பழுப்புக் கிறுக்கல் முகங்கள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை, எல்லார் கண்ணும் போனில். மேடம் பொதுவாகப் பேச ஆரம்பித்து, நம்பிக்கை, பாதுகாப்பு என்று சுற்றி வளைத்தார். அந்தக் கழுத்துப்பட்டைக்காரன் குறுக்கே எழுந்தான். மனைவி பக்கத்தில் இருந்ததால் குரலில் தைரியம் கூடியிருந்தது.

"எனக்கு மெசேஜ் அனுப்புனது இவங்கதான். படம் இருக்கு, பேர் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

பதில் எழுதினது யார் என்று கேட்கவா என்று எனக்கு நாக்கு துடித்தது. தங்கை என் கையை அழுத்திவிட்டு எழுந்தாள். அவன் போனை வாங்கி, அந்தப் படத்தைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். மச்சம் இருக்கும் பக்கம்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். தினமும் சாயந்திரம் இதுல யாரு கையிலேருந்து பிள்ளைய வாங்கிட்டுப் போறீங்க?"

அவன் போனைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"படத்துல இருக்குறவள நம்பி யாரும் இங்க பிள்ளைய விடல. அவளுக்குத் தூங்க வைக்கத் தெரியாது, கழுவிவிடத் தெரியாது," என்றாள் தங்கை. "அவ ஆளே கிடையாது. என் வீட்டுக்காரர் பண்ணின படம். அதை எவனோ திருடிட்டான். உங்க பிள்ளைங்களைக் கேளுங்க, மிஸ் யாருன்னு."

ஒரு அம்மா மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். இன்னொருத்தியும் பார்த்தாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாளே, அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "என் பையன் ராத்திரியெல்லாம் மிஸ் மிஸ்னு அழறான். நாளையிலேருந்து வருவீங்களா?" என்று கேட்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. மேடமும் தனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லிக்கொண்டார்.

வேலை நிலைத்தது. பிறகு புது அட்டை வந்தது. மறுபடி கண் சிமிட்டி, இடம் வலம் திரும்பினாள். இந்த முறை முகம் பொருந்தியது. அந்தக் கணக்கு போய்விட்டது. திறந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் திரை. நான் அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் போயிடுச்சு," என்றார். "நல்ல நல்ல படங்க."

அதைக் கேட்டதும் அவள் நேராகக் கடையின் முன்பக்கம் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் உயரப் படத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். அட்டை அலுவலகத்தில் கொடுத்த சின்னப் படத்தை அந்த இடத்தில் ஒட்டினாள். அவ்வளவு பெரிய கண்ணாடியில் கட்டை விரல் அளவுக்கு ஒரு முகம், மச்சத்தோடு. மாப்பிள்ளை தடுக்கவில்லை. அவள் மனசு ஆறட்டும் என்று விட்டிருப்பார். நாளைக்கு எடுத்துவிடலாம் என்றும் நினைத்திருப்பார்.

அவள் பின்னறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். படம் எடுக்க ஒரு பெண் வந்தாள், மகளைக் கூட்டிக்கொண்டு. கல்யாணப் படத்தைத் தேடியிருப்பாள் போல. கண்ணாடியருகே நின்று குனிந்து பார்த்தாள்.

"இது யாருங்க, இங்க ஒட்டியிருக்கீங்க?"

கேட்டவள் குரலில் கேலி ஒன்றும் இல்லை. சும்மாதான் கேட்டாள். பதில் சொல்ல ஒரு வார்த்தை போதும், என் மனைவி என்று. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தெரிஞ்சவங்க," என்றார்.

பின்னறைத் திரை விலகியது. தங்கை பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தாள். வந்த பெண் அவள் முகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரென்று தெரியாத ஒருவன் என் தங்கையின் கல்யாணப் படத்திலிருந்து மாப்பிள்ளையை வெட்டி எடுத்தானே, அந்த ஒரு வேலையை மட்டும் அவன் சரியாகச் செய்தான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

"அக்கா, வா," என்றாள் அவள்.

இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை வாரத்துக்கொருமுறை வந்து வாசலில் நிற்கிறார், பழம் வாங்கிக்கொண்டு. பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறேன். அவள் டே கேருக்குப் போகிறாள். அந்தப் பொடிசு இன்னும் அவள் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறது. சாயந்திரம் கழுத்து வலிக்கிறது என்பாள், நான் தைலம் தேய்த்துவிடுகிறேன்.